ஒரு கோப்புக்கு மட்டும் தனி விதி

வீட்டில் பத்துப் பேருக்குக் காப்பி கலக்கும்போது, ஒருவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாக எடுத்து வைப்போம் அல்லவா? கம்ப்யூட்டர் உலகிலும் அந்த வழக்கம் உண்டு. அது வந்த கதையையும், அதில் நான் பட்ட பாட்டையும் இன்று எழுதுகிறேன்.

பெரிய புரோகிராம் என்றால் நாற்பது, ஐம்பது கோப்புகளாகப் பிரித்து எழுதுவோம். ஒவ்வொன்றையும் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் புரோகிராம் ஓடும். ஒரு கோப்பைத் திருத்திவிட்டு, அதை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டால் பழைய தவறே தொடரும்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனுக்கு இதுதான் நேர்ந்தது. தவறை ஏற்கெனவே திருத்திவிட்டார், கம்பைல் ஆகவில்லை. அது தெரியாமல், சரியான புரோகிராமில் ஒரு காலை முழுவதும் தவறு தேடியிருக்கிறார். கோபத்தோடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்து புலம்பினார். ஃபெல்ட்மனும் முந்தைய இரவு அதே தொல்லையில் மாட்டியவர். ஒரு வார இறுதியில் உட்கார்ந்து 'மேக்' என்ற கருவியை எழுதிவிட்டார். ஆண்டு 1976.

எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று 'மேக்ஃபைல்' என்னும் பட்டியலில் எழுதி வைத்தால் போதும். மேக் ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பார்த்து, மாறியதை மட்டும் கம்பைல் செய்யும். கோப்பின் பெயர் முடியும் எழுத்தைப் பார்த்து வேலையையும் பிரிக்கும். 'சி' என்று முடிந்தால் சி கம்பைலர். 'ஒய்' என்று முடிந்தால், ஜான்சனே எழுதிய 'யாக்' கருவி முதலில், சி கம்பைலர் பிறகு. இது பொது விதி. ஒரு கோப்பின் பெயரைச் சொல்லித் தனி விதி எழுதினால், அந்தக் கோப்புக்கு அதுவே செல்லும்.

1990-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் காலாண்டு வட்டிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் இருந்தது. வேகத்துக்காக கம்பைலரில் ஒரு சலுகை உண்டு. அதைப் போட்டால், வட்டி கணக்கிடும் கோப்பில் மட்டும் பைசா பிசகியது. கையால் கூட்டிச் சரிபார்க்கும் ஒரு அம்மையார்தான் கண்டுபிடித்தார். சலுகையை மொத்தமாக எடுத்தால் இரவு வேலை விடியும்வரை இழுக்கும். அதனால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று மேக்ஃபைலில் தனி விதி எழுதினேன்.

மறுபடி ஓட்டினேன். அதே பைசா பிசகு! கணக்கின் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. மறுநாள் வட்டிச் சீட்டுகள் வாடிக்கையாளர் கைக்குப் போகவேண்டும். என்னைவிடப் பத்து வயது இளைய சகா எட்டிப் பார்த்து, "சார், கம்பைல் ஆச்சா?" என்று கேட்டான்.

ஆகவில்லை. மேக் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கும். விதி மாறியதைப் பார்க்காது. கோப்பைத் தொடாமல் விதியை மட்டும் மாற்றியதால், 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டது. ஜான்சனின் காலைப்பொழுதைத் தவிர்க்கப் பிறந்த கருவியை வைத்துக்கொண்டே, அவருடைய காலைப்பொழுதை நானும் இழந்தேன்! பழைய கம்பைல் கோப்பை அழித்துவிட்டு ஓட்டினேன். பைசா சரியாக வந்தது. அந்தக் கோப்பு மேக்ஃபைலையும் நம்பியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தோம். இனி விதி மாறினாலும் கம்பைல் ஆகும்.

பின்னாளில் லினக்ஸ் கெர்னலைக் கட்டும் முறையில் இதற்கு நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒரு கோப்புக்கு மட்டும் தனிச் சலுகை சொல்ல ஒரே வரி போதும். எந்தக் கட்டளையால் கம்பைல் ஆனது என்பதையும் எழுதி வைத்து, கட்டளை மாறினால் மறுபடி கம்பைல் செய்கிறது. மேக்கை எழுதியதற்காக ஃபெல்ட்மனுக்கு ஏ.சி.எம். அமைப்பின் 2003-ஆம் ஆண்டு விருதும் கிடைத்தது.

அன்று மாலை அந்தத் தனி விதிக்கு மேலே இன்னொரு குறிப்பும் எழுதினேன்: 'சலுகை போட்டால் வட்டி தவறும், எடுக்காதீர்கள்.' காப்பியில் ஏன் சர்க்கரை இல்லை என்று தெரியாவிட்டால், அடுத்து வருபவர் அன்போடு இரண்டு ஸ்பூன் போட்டுவிடுவார் அல்லவா?