தென்னகத்தின் பெருங்கல் ஈமச்சின்னங்கள்

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு மகாராஷ்டிரத்திலும் கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் குடியேறியுள்ள நம்மவர், ஊர்ப்புறத்துப் பொட்டல் வெளிகளில் வட்டமாக நாட்டப்பெற்ற உருண்டைக் கற்களைக் கண்டிருக்கக்கூடும். நாற்புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றிய சிற்றறைகளும் சிலர் கண்ணிற் பட்டிருக்கும். இயற்கையின் விளையாட்டு என்றெண்ணி அவற்றைக் கடந்து செல்கிறோம். உண்மையில் அவை, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்தோர், மாண்ட தம் மக்களுக்கு எடுத்த ஈமச்சின்னங்கள். ஆராய்ச்சியாளர் அவற்றைப் பெருங்கற்படைச் சின்னங்கள் என்று வழங்குவர்.

அவற்றின் வடிவங்கள் பல. தரைக்குமேல் எழுப்பிய அறை கல்திட்டை. தரைக்குள் அமைத்தது கற்பதுக்கை. சுற்றிலும் கற்களை நட்டது கல்வட்டம். கேரளத்துத் திருச்சூர்ப் பகுதியில் விரித்த குடைபோல் நிற்பது குடைக்கல். எலும்புகளைப் பெரிய மட்கலத்தில் இட்டுப் புதைத்தது முதுமக்கள் தாழி.

இவற்றுக்கு மக்கள் இட்ட பெயர்களும் சிந்தனைக்குரியவை. தமிழ்நாட்டில் இவை பாண்டவர் குழி எனவும் குள்ளர் குகை எனவும் பெயர் பெற்றன. மறையூர் மலைப்பகுதியில் முனியறை என்பர். கருநாடகத்தின் கொப்பள மாவட்டத்திலுள்ள ஹிரேபெணகல்லில், ஏறத்தாழ 400 சின்னங்கள் நிற்கும் குன்றுக்கு மோரியர் குன்று என்று பெயர். மோரியர் குள்ள உருவினர் என்பது அவ்வூர்க் கதை. தெலுங்கு நாட்டிலோ இவற்றை இராட்சதரோடு சேர்த்துப் பேசுவர். அறையின் சிறுமையைக் கண்டவர் குள்ளர் என்றனர். கல்லின் பெருமையைக் கண்டவர் அரக்கர் என்றனர். நம்மைப் போன்ற மனிதரே இவற்றைச் செய்தனர் என்ற நினைவு மட்டும் எங்கும் மறைந்துபோயிற்று.

அந்நினைவை மீட்டது அகழ்வாராய்ச்சி. மலையாள நாட்டுப் பாண்டு குழிகளைத் தோண்டிப் பார்த்த பாபிங்டன் என்பாரின் கட்டுரை 1823-இல் வெளிவந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், மெடோஸ் டெய்லர் கருநாடகத்துச் சுரபுரப் பகுதியில் ஆராய்ந்து, ஐரோப்பாவிலுள்ள இத்தகைய சின்னங்களோடு ஒப்பிட்டார். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீயும் தோண்டினர். சுமார் 114 ஏக்கர் பரந்த அவ்விடுகாட்டிலிருந்து தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. அங்கே கல்லறைகள் இல்லை. ஆயினும் இரும்பும் மட்கலமும், கல்வட்டத்தாருக்கு உறவுடையோர் இவர் என்று காட்டுகின்றன.

காலத்தை வரையறுக்கும் முயற்சி 1947-இல் மார்ட்டிமர் வீலர் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரியில் நடத்திய அகழ்வினால் வலுப்பெற்றது. மண்ணடுக்குகளை வரிசைப்படுத்திய அவர், கற்கோடரி மக்களுக்குப் பின்னர் இரும்புடன் வந்தவர்கள் இச்சின்னங்களை எடுத்தனர் என்று கண்டு, கிறித்துவுக்கு முன் இரண்டு மூன்று நூற்றாண்டுகளையே அவர்தம் தொடக்கமாகக் கொண்டார். பின்னர், 1965-இல் அகழப்பெற்ற கருநாடகத்து ஹள்ளூரில் கிடைத்த கரியின் ஆய்வு, இரும்பின் காலத்தைக் கி.மு. 1000 அளவுக்குப் பின்தள்ளியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 அளவினது என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆராய்ச்சி வளர வளர, பழமையும் நீள்கின்றது.

அறைகளுள் இருந்தவை யாவை? உள்ளும் வாயும் கறுத்து, அடிப்புறம் சிவந்த மட்கலங்கள், வாள், ஈட்டி, அரிவாள் முதலிய இரும்புப் பொருள்கள், மணிகள், எலும்புகள். இக்கறுப்புச் சிவப்புக் கலம் பொருநை ஆற்றங்கரையிலும் உண்டு. நாகபுரிப் பகுதிக் கல்வட்டங்களிலும் உண்டு. நாகபுரிக்கு அருகிலுள்ள மாகுர்ஜரியில் 1970-களில் அகழ்ந்தபோது, செப்பணிகள் பூட்டிய குதிரையின் எலும்புகள் கிடைத்தன. அதே பகுதியிலுள்ள நைகுந்தில் இரும்பு உருக்கும் உலையே வெளிப்பட்டது. பல டன் எடையுள்ள மூடுகல்லை ஏற்றுதல் ஒரு குடும்பத்தால் இயலுவதன்று. ஊரே கூடி உழைத்திருக்க வேண்டும். உழைத்தோர்க்கு உணவளிக்க விளைவும் இருந்திருக்க வேண்டும்.

பல அறைகளில் முழு உடல் இல்லை. பலருடைய எலும்புகள் சிலவே உள்ளன. உடலை வேறிடத்தில் வைத்திருந்து, பின்னர் எலும்பைத் திரட்டி இங்கே சேர்த்தனர் என்று இதற்குப் பொருள் கூறுவர். நம் இலக்கியமும் இதற்குத் துணை நிற்கின்றது. தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. சுடுதல் முதல் தாழியிற் கவித்தல் ஈறாக ஐவகை வழக்கங்களை மணிமேகலை எண்ணிக் காட்டுகின்றது. இவ்விலக்கியச் சான்றுகளை அகழ்வுச் சான்றுகளோடு இணைத்துக் கே. ஆர். சீனிவாசன் 1946-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு வழிகாட்டி. சார்க்கண்டில் வாழும் தமிழன்பர்கள் வேறொரு சான்றை நேரிலேயே காணலாம். எலும்பைத் திரட்டிக் குடிக்குரிய கல்லின்கீழ் வைக்கும் வழக்கம் முண்டா மக்களிடையே நெடுங்காலமாக உண்டு.

இவ்வளவும் கேட்டபின், இவை அனைத்தும் நம்மவர் சின்னங்களே என்று பெருமிதத்தோடு கூற நம்முள் சிலர் நாவெடுக்கலாம். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கலங்களில் கீறிய குறிகள் உண்டேயன்றி, அங்குப் புதைந்தோர் பேசிய மொழியை நாகபுரிக் கல்வட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வழக்கம் ஒன்றாயிருப்பதால் மொழியும் இனமும் ஒன்றென்று முடிவுகட்டல் பொருந்தாது; முண்டா மக்களின் வழக்கமே அதனை உணர்த்தும். நாம் உறுதியாகக் கூறத்தக்கது வேறு. இன்று மாநில எல்லைகள் ஓடுமிடத்தில், அன்று இரும்பும் மணியும் மட்கலமும் இறந்தோரைப் போற்றும் முறையும் தடையின்றிச் சென்று வந்தன. புகுந்த ஊரின் மண், நாம் எண்ணுவதுபோல் நமக்கு முற்றிலும் அயலானதன்று. உரிமை கொண்டாடாமலே உறவு கொண்டாட இது போதும்.

இச்சான்றுகள் நம் கண்முன்னே அழிந்து வருகின்றன. கல்வெட்டியெடுப்போர் மூடுகல்லை உடைக்கின்றனர். உழவுக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் கல்வட்டங்கள் பெயர்க்கப்படுகின்றன. புதையல் வேட்டைக்காரர் பொன்னைத் தேடி எலும்பைச் சிதறடிக்கின்றனர். ஹிரேபெணகல் 2021-இல் உலக மரபுச் சின்னங்களுக்குரிய இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் பெயரின்றி வயல்வரப்பில் நிற்பவற்றுக்குக் காவலர் இல்லை. கல்லும் கலமும் எலும்பும் இருந்த இடத்தில் இருந்தவாறே கிடைத்தால்தான் அவை வரலாறாகும். இடம் பெயர்ந்த பானை வெறும் பானையே. ஆதலின் இத்தகைய கற்களைக் காணும் அன்பர்கள், தாமே தோண்டிப் பார்க்க முற்படாமல், ஊராட்சிக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தொல்பொருள் துறைக்கோ ஒரு கடிதம் எழுதுவார்களாக. எந்த மொழியில் எழுதினாலும் அக்கடிதம் பயன் தரும்.