ஒரே இடம், இரு கோல்கீப்பர்கள்: ஒலிம்பிக் ஹாக்கி அணித் தேர்வில் தீராத சிக்கல்

திருவனந்தபுரம்: ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் ஹாக்கி அணியில் 16 வீரர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. அந்த 16 பேரில் கோல்கீப்பர் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்பது ஒவ்வொரு முறையும் தேர்வாளர்கள் முன் எழும் கேள்வி. ஒருவர் மட்டும் போதும் என முடிவானால், நான்கு ஆண்டுகள் உடன் பயிற்சி செய்த மற்றொருவர் அணிக்கு வெளியே நிற்க நேரிடும்.

திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் உருவான பி.ஆர்.ஸ்ரீஜேஷ், இந்தக் கேள்வியின் இரு பக்கங்களையும் அனுபவித்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக் அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இடம்பெற்ற அவர், அடுத்து வந்த ரியோ, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்திய அணியின் ஒரே கோல்கீப்பராக இருந்தார். அவருக்குப் பின்னால் காத்திருந்த கிருஷன் பகதூர் பதக், நூற்றுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் விளையாடியபோதும், பாரிஸ் ஒலிம்பிக் வரை 16 பேர் பட்டியலில் இடம் பெறவில்லை.

சிக்கலுக்குக் காரணம் என்ன?

ஹாக்கியில் களத்தில் 11 பேர் விளையாடுகின்றனர். களவீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஆட்டம் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுவதால், வேகமாக ஓடும் முன்கள, நடுக்கள வீரர்களுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓய்வு தேவைப்படுகிறது. மாற்று இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு களவீரரும் அதனால் பயன்படுகிறார்.

கோல்கீப்பரின் நிலை வேறு. அவர் 60 நிமிடங்களும் களத்தில் நிற்க முடியும். எனவே இரண்டாவது கோல்கீப்பர் ஒரு நிமிடம்கூட விளையாடாமல் தொடர் முழுவதையும் கழிக்க வாய்ப்புள்ளது. ஒலிம்பிக்கில் இரண்டு வாரங்களுக்குள் எட்டு ஆட்டங்கள் வரை விளையாட வேண்டியிருப்பதால், ஒரு களவீரரின் இடத்தை இழக்க அணிகள் தயங்குகின்றன.

உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டுப் போட்டி போன்ற தொடர்களுக்கு 18 பேர் கொண்ட அணிகள் அறிவிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றில் இரு கோல்கீப்பர்களுக்கும் இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் மட்டும் இரண்டாமவர் மாற்று வீரராக, பட்டியலுக்கு வெளியே வைக்கப்படுகிறார். அணியில் உள்ளவருக்குக் காயம் ஏற்பட்டால் மட்டுமே அவருக்கு வாய்ப்பு வரும்.

மறுபுறம், கோல்கீப்பரின் தவறுக்கு ஈடு செய்ய யாரும் இல்லை. 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோல் கம்பத்தை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வரும் பந்திலிருந்து அவர் காக்க வேண்டும். பெனால்டி கார்னரின்போது அவருடன் நான்கு தடுப்பு வீரர்கள் மட்டுமே இருப்பர். ஷூட் அவுட்டில் அந்தத் துணையும் கிடையாது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் வரும் எதிரணி வீரரை, 8 விநாடிகளுக்குத் தனியாக எதிர்கொள்ள வேண்டும்.

முந்தைய வழக்கம்

இரு கோல்கீப்பர்களுடன் ஒலிம்பிக்கிற்குச் செல்வதே இந்திய அணியின் நீண்டகால வழக்கமாக இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சார்லஸ் கார்னிலியஸ், மானுவல் ஃபிரெட்ரிக் ஆகிய இருவரும் இடம்பெற்றனர். வெண்கலம் வென்ற அந்த அணியில் இருந்ததன் மூலம், கண்ணூரைச் சேர்ந்த மானுவல் ஃபிரெட்ரிக் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரள வீரர் ஆனார். தங்கம் வென்ற 1980 மாஸ்கோ அணியில் ஆலன் ஸ்கோஃபீல்டு, பீர் பகதூர் சேத்ரி ஆகியோர் இருந்தனர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் தேவேஷ் சௌகான், ஏட்ரியன் டிசோசா என இருவர் சென்றனர்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணித் தலைவர் பரத் சேத்ரியே கோல்கீப்பர். அவருடன் ஸ்ரீஜேஷும் 16 பேரில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். அந்தத் தொடரில் இந்தியா 12-வது, அதாவது கடைசி இடத்தைப் பிடித்தது. அதன்பின் ஒலிம்பிக் பட்டியலில் ஒரு கோல்கீப்பர் மட்டுமே இடம்பெற்று வருகிறார்.

திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாதை

எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்ரீஜேஷ். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் ஹாக்கி வீரர் அல்ல. ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றிலேயே ஆர்வம் காட்டினார். பள்ளியின் பயிற்சியாளர்களே அவரை ஹாக்கிக்கும், பின்னர் கோல் கம்பத்துக்கும் அழைத்து வந்தனர். கோல்கீப்பருக்கான காலுறைக் கவசம், கையுறை, தலைக்கவசம் ஆகியவற்றின் விலை அதிகம் என்பதால், வீட்டிலிருந்த பசுவை விற்று அவரது தந்தை அவற்றை வாங்கித் தந்தார்.

கால்பந்து செல்வாக்குப் பெற்ற கேரளத்திலிருந்து ஹாக்கியில் தேசிய அணி வரை செல்பவர்கள் குறைவு. 2004-ல் ஜூனியர் அணியில் இடம்பெற்ற ஸ்ரீஜேஷ், 2006-ல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் சீனியர் அணிக்காக அறிமுகமானார். ஆனால் அணியில் நிலையான இடம் உடனே கிடைக்கவில்லை. ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரி ஆகிய மூத்தவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். 2011-ல் சீனாவில் நடைபெற்ற ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்தது அவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதி ஆட்டத்திலும் பாகிஸ்தானே எதிரணி. 1-1 என்ற சமநிலைக்குப் பின் ஷூட் அவுட்டில் 4-2 என இந்தியா வென்று, ரியோ ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி பெற்றது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் அணித் தலைவராகவும் இருந்தார்.

காயம் உணர்த்திய பாடம்

ஒருவரையே நம்பியிருப்பதன் ஆபத்து 2017-ல் தெரியவந்தது. மலேசியாவில் நடைபெற்ற சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டியில் முழங்காலில் காயமடைந்த ஸ்ரீஜேஷ், பல மாதங்கள் விளையாட முடியாமல் போனது. அந்த ஆண்டு டாக்காவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக்கு ஆகாஷ் சிக்தே, சூரஜ் கர்கேரா ஆகியோர் கோல்கீப்பர்களாகச் சென்றனர். இந்தியா கோப்பையை வென்றது. ஸ்ரீஜேஷ் 2018-ல் அணிக்குத் திரும்பினார்.

அதே 2018-ல் பஞ்சாப் மாநிலம் கபுர்தலாவைச் சேர்ந்த கிருஷன் பகதூர் பதக் சீனியர் அணியில் இடம்பிடித்தார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த அவர், அந்த ஆண்டு புவனேஸ்வரில் நடைபெற்ற உலகக் கோப்பையில் ஸ்ரீஜேஷுக்கு இணையாக 18 பேர் அணியில் இருந்தார். பின்னர் பல தொடர்களில் இருவரும் ஆட்டத்தின் நான்கு பகுதிகளிலும் மாறி மாறிக் களமிறக்கப்பட்டனர். இதனால் இருவருக்கும் ஆட்ட அனுபவம் கிடைத்தது. தேர்வு மேலும் கடினமானது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் ஒருவரே கோல்கீப்பர். கொரோனா காலச் சிறப்பு ஏற்பாட்டால் ஒவ்வொரு அணிக்கும் கூடுதலாக இருவர் அனுமதிக்கப்பட்டபோதும், வருண் குமார், சிம்ரன்ஜீத் சிங் ஆகிய களவீரர்களையே இந்தியா சேர்த்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல்கள் அடித்தார். கடைசி விநாடிகளில் கிடைத்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுக்க, 5-4 என வென்ற இந்தியா 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் பெற்றது. அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை, தேர்வின் இரு பகுதிகளும் பலன் தந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி 2023 ஜனவரி 22-ல் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் அரங்கேறியது. உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்து ஷூட் அவுட்டுக்குச் சென்றது. அதன் நடுவே ஸ்ரீஜேஷ் காயமடைய, பதக் களமிறங்க வேண்டியதாயிற்று. இந்தியா 4-5 எனத் தோற்று வெளியேறியது. இரண்டாவது கோல்கீப்பர் 18 பேரில் ஒருவராக இருந்ததால்தான் அந்த மாற்றம் உடனடியாகச் சாத்தியமானது.

பாரிஸ் முடிவு

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருவரையும் கொண்டு தங்கம் வென்ற இந்தியா, பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஸ்ரீஜேஷுக்கு அப்போது வயது 36-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பதக் அவரைவிட ஏறத்தாழ 9 வயது இளையவர். அனுபவத்தைத் தக்கவைப்பதா, அடுத்த தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு 2024 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட பட்டியல் விடை அளித்தது. பயிற்சியாளர் கிரேக் ஃபுல்டனின் அணியில் ஸ்ரீஜேஷ் இடம்பெற்றார். பதக் மாற்று வீரர்கள் மூவரில் ஒருவரானார்.

ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், பாரிஸே தனது கடைசிப் போட்டி என ஸ்ரீஜேஷ் அறிவித்தார். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் அமித் ரோஹிதாஸ் 17-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய நேரம் முழுவதும் இந்தியா 10 பேருடன் விளையாடியது. 1-1 என முடிந்த ஆட்டத்தின் ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்றபோதும், ஆகஸ்ட் 8-ல் ஸ்பெயினை 2-1 என வீழ்த்தி மீண்டும் வெண்கலம் வென்றது. 1968, 1972-க்குப் பிறகு அடுத்தடுத்த இரு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா ஹாக்கிப் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை.

முடிவு சரியானதே எனப் பதக்கம் உறுதிப்படுத்தியது. எனினும் அதன் விலையைச் செலுத்தியவர் பதக். 16 பேர் பட்டியலில் இல்லாத மாற்று கோல்கீப்பருக்கு, களமிறங்காதவரை ஒலிம்பிக் வீரர் என்ற தகுதியோ பதக்கமோ கிடைப்பதில்லை.

மீண்டும் அதே கேள்வி

336 சர்வதேச ஆட்டங்களுடன் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16-ம் எண் சட்டைக்கு ஹாக்கி இந்தியா ஓய்வு அளித்தது. 2025-ல் அவருக்குப் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது. கோல் கம்பத்தின் பொறுப்பு பதக், சூரஜ் கர்கேரா ஆகியோரிடம் வந்தது. 2024 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையையும், 2025-ல் பிகார் மாநிலம் ராஜ்கிரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையையும் இவர்களைக் கொண்ட இந்திய அணி வென்றது. ராஜ்கிர் வெற்றி, 2026 உலகக் கோப்பைக்கான தகுதியையும் பெற்றுத் தந்தது.

ஜூனியர் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஸ்ரீஜேஷ், தேர்வாளரின் நிலையிலிருந்தும் இந்தச் சிக்கலைச் சந்தித்தார். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை, மதுரை நகரங்களில் நடைபெற்ற ஜூனியர் உலகக் கோப்பையில் பிக்ரம்ஜித் சிங், பிரின்ஸ்தீப் சிங் ஆகிய இரு கோல்கீப்பர்கள் அவரது அணியில் இருந்தனர். பெல்ஜியத்துக்கு எதிரான கால் இறுதி 2-2 என முடிந்து ஷூட் அவுட்டுக்குச் சென்றபோது, பிரின்ஸ்தீப்பின் தடுப்புகள் இந்தியாவை அரையிறுதிக்கு அழைத்துச் சென்றன. அந்தத் தொடரில் இந்தியா வெண்கலம் வென்றது.

அடுத்த ஒலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடைபெறவுள்ளது. பதக்கின் அனுபவம், கர்கேராவின் போட்டி, ஜூனியர் அணியிலிருந்து வரும் இளையவர்களின் வேகம் ஆகியவற்றை எடைபோட்டு, அப்போதும் தேர்வாளர்கள் கோல் கம்பத்துக்கு ஒரு பெயரை எழுத வேண்டியிருக்கும்.