தோட்டத்துச் சமையலறையும் பத்து வெள்ளிச் சேமிப்பும்

சிக்கனம் என்றதும் மாணவர்களுக்கு உண்டியல் படத்தைக் காட்டுகிறோம். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று எழுதச் சொல்கிறோம். ஆனால், நம் சமுதாயத்தின் சேமிப்பு வரலாற்றைத் தேடிச் சென்றால் அது தோட்டத்து லயத்தின் அடுப்படியில்தான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

ஈஜோக், புக்கிட் பாடோங், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரம் காப்பி, தென்னை, இரப்பர், செம்பனை என்று பயிர்கள் மாறி மாறி வளர்ந்த மண். இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது இவ்வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே அதனைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரிலேயே நம் 'தென்னைமரம்' ஒலிப்பது குறிப்பிடத்தக்கது.

பயிர் மாறினாலும் பாட்டாளியின் வருவாய் குறைவாகவே இருந்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. மாதம் 26 நாள் உழைத்தால் ஆணுக்கு 13 வெள்ளி. பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. அதிலிருந்துதான் கடைப் பற்று அடைக்க வேண்டும். ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும். விலை கொடுத்து வாங்காத ஒவ்வொரு பாத்திரமும் பற்றுப் புத்தகத்தில் ஏறாத ஒரு வரியாகும்.

ஆகவே, கடையிலிருந்து வந்த எந்தக் கலனும் ஒரே வேலையோடு ஓய்வு பெறவில்லை. கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியானது. விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டினால் காப்பி வாங்கிவரும் தூக்கானது. திரி போட்டால் விளக்கானது. நான்கு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் தொங்கித் தண்ணீர் சுமந்தது. வெந்நீர் போடும் அண்டாவாகவும் பயன்பட்டது. ரொட்டி டின் தீபாவளி முறுக்கைக் காத்தது. மாவுச் சாக்கு கைப்பிடித் துணியானது. தேங்காய்ச் சிரட்டையோ அகப்பையாகி, தேய்ந்தபின் அடுப்புக்கு எரிபொருளாகவும் ஆனது.

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் இப்பழக்கம் உயிர்காக்கும் திறனாயிற்று. ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அரிசி அருகியது, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆணியால் துளையிட்ட பழைய தகரமே கிழங்கு துருவும் கருவியானது. புதியதை வாங்க வழியில்லாத நாளில், பழையதைப் பயன்படுத்தத் தெரிந்த பெண்களே குடும்பத்தைத் தாங்கினர்.

எனினும், பழையதெல்லாம் பயன்படும் என்று கற்பிப்பது ஆபத்தானது. களைக்கொல்லி வந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்கு அது ஆகாது. தோட்டங்களில் நீண்டகாலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் நஞ்சு 2020 சனவரி 1 முதல்தான் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. எந்தக் கலனில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பதே மறுபயனீட்டின் முதல் பாடம்.

சரி, இத்தனை சிக்கனமும் எதற்கு உதவியது? 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளையர் விற்ற தோட்டங்கள் கூறு போடப்பட, பாட்டாளிகள் வேலையையும் வீட்டையும் இழந்தனர். இதற்கு மாற்றாக, 1960இல் வீ.தி.சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளி வீதம் பத்து மாதங்களில் செலுத்தலாம். மறு ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் தோட்ட உரிமையாளர்கள் ஆயினர்.

அன்றைய தோட்டக் குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அதனைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் பெயர் சங்கப் பேரேட்டில் இருக்கும். அதனை மிச்சப்படுத்திய தாயின் கணக்கோ எந்தப் பேரேட்டிலும் இல்லை. பால் டின்னும் மண்ணெண்ணெய்த் தகரமுமே அக்கணக்குக்குச் சான்றுகள்.

2017 சனவரி முதல் சிலாங்கூர் மாநிலத்தில் நெகிழிப் பைக்கு 20 காசு கட்டணம் விதிக்கப்பட்டது. துணிப்பையும் தூக்குச்சட்டியும் ஏந்திக் கடைக்குச் சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, கட்டணம் விதித்துப் பழக்கத்தை நினைவூட்ட வேண்டியதாயிற்று!

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. படிநிலை இரண்டு மாணவர்கள் தம் வீட்டுப் பழைய கலன் ஒன்றைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரட்டும். அது என்னவாக வந்தது? பின்னர் என்னென்னவாக ஆனது? அதனால் எதை வாங்காமல் இருந்தார்கள்? மொழி, கணிதம், வரலாறு மூன்றும் அதில் அடங்கும். பெற்றோர்களே, அந்தத் துருப்பிடித்த டின்னை எறிவதற்குமுன் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். சொல்ல அறிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.