பக்கிங்காம் ஆலை வழக்கு

பக்கிங்காம் ஆலை வழக்கு என்பது, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் மீது பின்னி நிறுவனத்தார் 1920-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த உரிமையியல் வழக்காகும். தொழிலாளர்களைப் பணி ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினர் என்பதே தலைவர்கள் மீதான புகார்.

சட்டப் பின்னணி

ஒப்பந்தத்தை மீறியவர் மட்டுமல்லாமல், மீறும்படி தூண்டிய வெளியாளும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பது இங்கிலாந்துப் பொதுச் சட்டக் கொள்கை. 1853-ஆம் ஆண்டின் லம்லி – ஜை வழக்கில் இது வலுப்பெற்றது. லண்டன் அரங்க மேலாளரான பெஞ்சமின் லம்லி, ஜொகன்னா வாக்னர் என்ற பாடகியை ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டி அரங்கை நடத்திய பிரெடரிக் ஜை, அதிக ஊதியம் தருவதாகக் கூறி அவரைத் தம் பக்கம் இழுத்தார் என்று லம்லி வழக்குத் தொடுத்தார். அத்தகைய வழக்கு செல்லும் என்று நீதிபதிகளில் மூவர் கூறினர். கோல்ரிட்ஜ் மட்டும் மறுத்தார்.

வணிகப் போட்டியில் பிறந்த இக்கொள்கை பின்னர் வேலைநிறுத்தங்களுக்கு எதிராகவும் பயன்பட்டது. வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகக் கொள்ளப்பட்டது. இதனால் இங்கிலாந்து 1906-இல் சட்டம் இயற்றித் தொழிற்சங்கத்தினருக்கு விலக்களித்தது. இந்தியாவில் அப்போது அத்தகைய விலக்கு இருக்கவில்லை.

வழக்கு

பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனாரும் முன்னின்று உழைத்தார். 1920-இல் ஏற்பட்ட தகராற்றின்போது நிர்வாகம் நீதிமன்றத்தை நாடியது. தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 14 ஆண்டுகளுக்கு முன்பே பாதுகாப்புப் பெற்ற ஒரு செயல், அதே ஆட்சியின் கீழ் இருந்த சென்னையில் வழக்குக்கு உரியதாயிற்று. வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது.

விளைவு

சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்தானது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. 1921-இல் மத்திய சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. தொழில் தகராற்றின் பொருட்டுப் பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்ற காரணத்துக்காக மட்டும், பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்று அதன் 18-ஆம் பிரிவு விதித்தது. வன்முறைக்கும் மிரட்டலுக்கும் இப்பாதுகாப்பு இல்லை. வணிகப் போட்டியாளர்களிடையே பழைய கொள்கை இன்றும் நடைமுறையில் உள்ளது.