‘ஜப்பான்காரன் வர்றான்!’

மயிலாப்பூர், தி.நகர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் ‘இவாகுவேஷன் சமயத்துல’ என்று ஒரு காலக்கணக்கு உண்டு. 1942 ஏப்ரலைச் சொல்வார்கள். ‘ஜப்பான்காரன் வர்றான்’ என்ற பேச்சு பரவ, லட்சக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். அரசாங்க அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் வரவில்லை. அதனாலேயே பின்னாளில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. வெறும் பீதிதானா அது? இல்லை என்பதற்கான சாட்சி சென்னைக்குத் தெற்கே சுமார் 600 கி.மீ. தொலைவில், இலங்கையின் கிழக்குக் கடலுக்கடியில் கிடக்கிறது.

பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி நகுமோவின் விமானங்கள் ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கின. மறுநாள் இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவின் குண்டுகள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தன. அந்தச் சில நாட்களில் வங்கக்கடலில் மூழ்கிய வணிகக் கப்பல்கள் இருபதுக்கும் மேல். ஏப்ரல் 9 அன்று நகுமோவின் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன.

அன்று மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாவுக்கு அப்பால் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஸ்கூபா பழகியவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். துருப்பிடித்த இரும்புக்குள் இப்போது களவா மீன்கள் குடித்தனம் நடத்துகின்றன. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ கதை வேறு. 50 மீட்டருக்கும் கீழே, மேலே இருப்பதைவிட ஆறு மடங்கு அழுத்தம். நைட்ரஜன் போதை போலத் தலைக்கேறும். திரும்பும்போது நின்று நின்றுதான் ஏற வேண்டும். கூடவே, அது முந்நூறு பேருக்கு மேல் இறந்த இடம். அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுபட்ட ‘சகாயிங்’ சரக்கும் பயணிகளும் ஏற்றிய கப்பல். 1943இல் அதை மூழ்கடித்து இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் இலங்கைக் கடற்படையின் முக்குளிப்பவர்கள் பல மாதம் உழைத்து அதை மேலே கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக்கு இடம் வேண்டியிருந்தது. பிறகு வேறிடத்தில் ஆழத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

1914இல் சில நிமிடங்கள் சுட்டுவிட்டுப் போன எம்டன் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஊரையே காலிசெய்யவைத்த கப்பற்படைக்கு அப்படி ஒரு சொல்கூட இல்லை. அதன் வேகம் என்னவென்று தெரிந்துதான் மயிலாப்பூர் மாமாக்கள் வீட்டைப் பூட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் பயந்தது நிஜமான ஒன்றுக்குத்தான். அந்தக் குண்டுகளில் செத்தவர்களில் பலர் கடலோடிகள். நம் ஊர் தப்பித்தது.