வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

வீட்டிலுள்ள மடிக்கணினியைத் திறந்தால், கோப்புகள் வைக்கும் இடம் ‘சி’ என்றும் ‘டி’ என்றும் பிரிந்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ‘ஏ’யும் ‘பி’யும் எங்கே போயின என்று என்னிடம் கேட்ட மாணவர் மிகச் சிலரே. கேட்க வேண்டிய கேள்விதான் அது. விடை தேடிப் புறப்பட்டால் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று அவிழ்கிறது. அதன் ஒரு கிளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது.

1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணினியை வெளியிட்டது. அதற்கு முன் அந்நிறுவனம் செய்த சிறு கணினியில் நெகிழ்தட்டுகளைச் செருக இரண்டு வாய்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் ஏ, பி. புதிய கணினியிலோ 10 மெகாபைட் கொள்ளும் வன்தட்டு ஒன்று உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. முதல் இரண்டு எழுத்துகளுக்கும் உரிமையாளர் இருந்தமையால் அதற்குச் ‘சி’ கிடைத்தது. பின்னர் நெகிழ்தட்டுகள் மறைந்தன. எழுத்துகள் மட்டும் இடம் மாறவில்லை. இன்றைய கைப்பேசியில் எடுத்த நிழற்படங்கள் நான்கைந்துக்கு அந்தப் பத்து மெகாபைட் போதாமற் போகலாம். அன்று அது பெருநிலம்!

பெருநிலம் என்றால் பங்காளிகள் வருவது இயல்புதானே? அக்காலத்தில் டாஸ், சி.பி.எம்.-86 முதலிய பல இயங்குதளங்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று எழுதிய கோப்பு மற்றொன்றுக்கு விளங்காது. ஒரே தட்டில் இவை சண்டையின்றி வாழ வேண்டுமானால் எல்லை வகுத்தாக வேண்டும். அதற்கு அமைந்ததே பார்ட்டிஷன் எனப்படும் பகுப்பு. நாம் பாகப்பிரிவினை என்று சொல்லிவரும் சொல்லே இதற்கு மிகப் பொருந்தும் என்பது என் கருத்து.

தட்டின் முதற் கூறு 512 பைட் அளவுள்ளது. அதில் 446 பைட், கணினியைத் துயிலெழுப்பும் சிறு நிரலுக்கு. அடுத்த 64 பைட் பாகப் பதிவேடு. ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள். பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வகையைச் சார்ந்தது என்பன அவ்வரிகளில் உள்ளன. எஞ்சிய இரண்டு பைட் முத்திரை. எல்லை என்று நாம் சொல்வது இந்தப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது; தட்டில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை.

இதனை விளக்க எனக்கு அம்பத்தூரைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்கவில்லை. அம்பத்தூர் நகராட்சி 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அப்போதும் ஊர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஏரியும் நகரவில்லை, தொழிற்பேட்டையும் நகரவில்லை, எந்த வீட்டின் திண்ணையும் ஓரங்குலம் அசையவில்லை. பதிவேடு மாறிற்று, அவ்வளவே.

நிற்க. எல்லை வகுக்கும் தேவை பிற்காலத்தில் வேறு காரணத்தாலும் வந்தது. டாஸ் தன் நிலத்தை 16 இலக்க இரும எண்ணால் அளந்தது. அதனால் 65,536 கூறுகளுக்கு மேல் எண்ண இயலாது; கூறு ஒன்றுக்கு 512 பைட் என்றால் மொத்தம் 32 மெகாபைட். 40 மெகாபைட் தட்டு வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை வெட்டியே பயன்படுத்த நேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் டாஸ் 3.3 ஒரு பாகத்துக்குள் உட்பாகங்கள் வகுக்க இடம் தந்தது. அளவு பின்னர் 2 கிகாபைட்டாக உயர்ந்தது. தட்டுகளோ அதனினும் விரைந்து வளர்ந்தன. ‘டி’யில் பாட்டு, ‘ஈ’யில் திரைப்படம் என்று நம் வீடுகளில் அறை பிரிக்கும் வழக்கத்துக்கு அந்தப் பழைய நெருக்கடியும் ஒரு காரணம். காரணம் போயிற்று, வழக்கம் தங்கிற்று.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிற்று. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று அம்மாவட்டத்து ஊர்கள். எல்காட் நிறுவனத்தின் வழி வந்த அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. பின்னது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்க வல்லது. ஒரே தட்டில் இரு குடித்தனம்! 1983இல் எந்த நோக்கத்துக்காகப் பாகப்பிரிவினை தோன்றிற்றோ, அதே நோக்கம் இங்கே மீண்டும் உயிர்பெற்றது.

குடித்தனம் எல்லா வீட்டிலும் நீடிக்கவில்லை. திரைப்படத்துக்கு இடம் வேண்டும் என்று லினக்ஸ் பாகத்தை அழித்த மாணவர்களை நான் அறிவேன். அம்பத்தூர்க் கடையொன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் அப்பாகத்தை நீக்கிவிட்டு, மறுநாள் கணினியை இயக்கினார். கறுப்புத் திரையில், அப்படியொரு பாகம் இல்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது, வேறொன்றும் நடக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு எழுதிய பாடங்கள் எல்லாம் போயின என்று அவர் கலங்கி நின்றார். தட்டு முழுவதையும் துடைத்து விண்டோசைப் புதிதாக நிறுவுவதே வழி என்றார் கடைக்காரர்.

உண்மையில் பாடங்கள் போகவில்லை. கணினியை எழுப்பும் முதற் கூற்று நிரல், மிச்சத்தை லினக்ஸ் பாகத்திலிருந்து படிக்குமாறு எழுதப்பட்டிருந்தது. வாயிற்காப்போன் இருக்கிறான், அவனிடம் சாவி இல்லை. உடன் வந்த அவருடைய தமக்கையார் பொறியியல் மாணவி. “அண்ணா, தட்டைத் துடைக்காதீங்க” என்று கடைக்காரரைத் தடுத்து, விண்டோஸ் தட்டிலுள்ள பழுதுநீக்கும் வசதியால் அந்தச் சிறு நிரலை மட்டும் மாற்றி எழுதினார். சில நிமிடங்களில் பாடங்கள் அனைத்தும் திரும்பின. கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால், பிழையே இல்லாத பாகம் அன்றோ அழிந்திருக்கும்?

பாகத்தை நீக்கினால் அழிவது பதிவேட்டின் வரி. நிலத்திலுள்ள பயிர் உடனே மடிவதில்லை. மேலே வேறெதுவும் எழுதாத வரையில் மீட்கும் வழி பெரும்பாலும் உண்டு. ஆனால் சுழலும் தட்டுக்குச் சொன்ன இந்த ஆறுதல், இன்று பெருகிவரும் எஸ்.எஸ்.டி. சேமிப்புக்கு அவ்வளவாகச் செல்லாது. காலியென்று அறிவிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடக்கூடும். வேறொரு மயக்கமும் உண்டு: ‘டி’யில் படி எடுத்து வைத்தேன், ஆகவே கவலையில்லை என்பர். விண்டோஸ் பழுதானால் ‘டி’ காக்கும். கணினி கைதவறி விழுந்து தட்டே உடைந்தால் என் செய்யும்? ஒரே கூரையின் கீழ் இரண்டு அறைகள் அவை. படியை வேறொரு கருவியில் வைப்பதே காப்பு.

எல்லையை நகர்த்துவதும் இப்போது எளிது. 2007ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், தட்டு மேலாண்மைப் பகுதியிலேயே பாகத்தைச் சுருக்கலாம், நீட்டலாம். இடையில் மின்சாரம் நின்றால் கோப்புகள் பாதி அங்கும் பாதி இங்குமாகலாம். 2012இன் மின்வெட்டுக் காலத்தை நினைவுகொள்பவர்க்கு மடிக்கணினியின் மின்கலத்தருமை தெரியும்.

பழைய பதிவேட்டின் 32 இலக்க இரும எண் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேல் அளக்க இயலாது. ஆதலின் ஜி.பி.டி. என்னும் புதிய பதிவேடு வந்தது. அதில் வழக்கமாக 128 வரிகள். தட்டின் தொடக்கத்தில் ஒன்று, இறுதியில் அதன் படி ஒன்று. ஆனால் அத்தட்டுகளிலும் முதற் கூற்றில் 1983ஆம் ஆண்டின் முறைப்படி ஒரு பழைய பதிவேடு எழுதப்பட்டிருக்கிறது. தட்டு முழுவதும் ஒருவருக்கே உரியது என்று அதில் ஒற்றை வரி இருக்கும். புதிய முறையறியாத பழைய நிரல் எதுவும், நிலம் காலியாகக் கிடக்கிறதென்று கருதிக் குடியேறிவிடாதிருக்க அந்த ஏற்பாடு.