ஊரடங்குத் தளர்வு, தமிழ்நாடு (2020)

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கு, மே முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தொற்று மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிதும் வேறுபட்டதால், தளர்வே அச்சத்துக்குக் காரணமாயிற்று.

அச்சத்தின் மையம் சென்னைக் கோயம்பேடு சந்தை. அங்கு தொற்று பரவியதால் மே 5 அன்று அது மூடப்பட்டுக் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதற்குள் சுமைதூக்குவோரும் வியாபாரிகளும் சொந்த ஊர் திரும்பியிருந்தனர். கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. சென்னையிலிருந்து வந்தவர் என்றாலே கிராமங்கள் மிரண்டன. நோயைவிட ஊர்ப்பெயரே அச்சுறுத்திய காலம் அது.

மே 7 அன்று சென்னை தவிர்த்த பகுதிகளில் அரசு மதுக்கடைகளான டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டதும் எதிர்ப்பு வெடித்தது. பெண்கள் பல இடங்களில் போராடினர். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் கடைகளை மூட உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததால் மே 16 அன்று அவை மீண்டும் திறந்தன. கோயில்கள் பூட்டியிருக்க மதுக்கடை திறந்ததற்கு வருவாயைத் தவிர வேறு காரணம் தேடுவது வீண்.

ஜூன் 1 முதல் மாநிலம் 8 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சென்னையும் அதன் அண்டை மாவட்டங்களும் நீங்கலாகப் பிற மண்டலங்களில் பேருந்துகள் ஓடின. ஆயினும் ஜூன் 19 அன்று சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளிலும், சில நாள் கழித்து மதுரையிலும் ஊரடங்கு மறுபடி இறுக்கப்பட்டது. மாவட்டம் கடக்கத் தேவைப்பட்ட இ-பாஸ், தாமதத்துக்கும் முறைகேட்டுப் புகார்களுக்கும் பேர்போனது. மாநிலத்துக்குள் அது செப்டம்பர் 1 அன்று கைவிடப்பட்டது.